கணவரின் சம்பளச் சீட்டு இல்லாமல் ஒரு வீடு

மலேசியாவில், கணவரின் வன்முறையிலிருந்து தப்பி வந்த என் சித்தப்பா மகளுக்குப் பாதுகாப்பு ஆணை வாங்குவதில் நாங்கள் பட்ட பாடு குறைவு. சமூகநலத் துறை அதிகாரி போலீஸ் புகாருக்குக் காத்திராமல் ஏழு நாள் அவசர ஆணையைக் கொடுத்தார். பிறகு புகார் செய்து, மாஜிஸ்திரேட்டிடம் இடைக்கால ஆணையும் பெற்றோம். அலைச்சல் எல்லாம், காப்பகத்திலிருந்து அவளும் இரண்டு பிள்ளைகளும் குடிபெயர வீடு தேடியபோதுதான் தொடங்கியது.

மாத வாடகை 124 ரிங்கிட் மட்டுமே என்பதால் முதலில் கோலாலம்பூரின் பி.பி.ஆர். எனப்படும் அரசின் மலிவு வாடகை அடுக்குமாடிக்கு விண்ணப்பிக்கச் சென்றோம். முகப்பிலிருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, கணவரின் சம்பளச் சீட்டையும் அடையாள அட்டை நகலையும் கேட்டார். நான் நீதிமன்ற ஆணையை நீட்டியதும், "அப்படியானால் விவாகரத்துச் சான்றிதழ் கொண்டு வாருங்கள், அக்கா" என்று மலாய் மொழியில் சொல்லி அடுத்த எண்ணை அழைத்துவிட்டார். முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சமரசக் குழு, உயர் நீதிமன்றம் என்று நீளுகிற அந்த விவாகரத்து வழியில், விதிவிலக்கு கேட்டுப் பெறாவிட்டால், யாரிடமிருந்து தப்பி வந்தாளோ அவருடனேயே சமரசம் பேச உட்கார வேண்டியிருக்கும் என்பதை அந்த ஊழியர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காப்பகத்தின் சமூகப் பணியாளர்தான் வழி காட்டினார். கணவரைப் பிரிந்து வாழ்வதையும் தன் வருமானத்தை மட்டுமே நம்பியிருப்பதையும் எழுதிச் சத்தியப் பிரமாணம் செய்து, அதனுடன் ஆணை, போலீஸ் புகார், ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைக்கச் சொன்னார். அப்படியும் இரண்டாவது பயணம் வீணாயிற்று. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் பழைய வீட்டு அலமாரியில் கிடந்தன. உடைமைகளை எடுக்கப் போலீஸ் துணையுடன் வீட்டுக்குள் செல்லும் அனுமதியைப் பாதுகாப்பு ஆணையிலேயே கேட்டுச் சேர்க்கலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நீங்கள் முதலிலேயே கேளுங்கள். அந்த வீட்டில் அவள் மட்டும் குடியிருக்கும் உரிமையையும் நீதிமன்றத்திடம் கோர முடியும். ஆனால் மாமியார் வீட்டுச் சனம் சுற்றிலும் வாழும் தெருவில் அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தேசியப் பதிவுத் துறையில் புதிய நகல்கள் வாங்கிக்கொண்டு மூன்றாம் முறை போனபோது, அதே மனிதர் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, "முழுமையாக இருக்கிறது" என்று முத்திரை குத்தினார். அன்று நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்று சிரித்தோம்.

இனிக் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் தனியார் வீடு என்றால், 900 ரிங்கிட் வாடகைக்கு இரண்டு மாத வைப்பு, அரை மாத மின்-நீர் வைப்பு, முதல் மாத வாடகை எனக் கையில் 3,150 ரிங்கிட் வேண்டும். "இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று இரண்டு பேர் தொலைபேசியிலேயே முடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பாட்டியம்மா, வைப்புத் தொகையை மூன்று தவணையாகப் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

முகவரி வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. பழைய கைப்பேசியின் இருப்பிடப் பகிர்வு இன்னும் கணவருக்குப் போய்க்கொண்டிருந்ததைக் குடிபுகுவதற்கு இரண்டு நாள் முன்புதான் கண்டுபிடித்தோம். மின்சாரக் கணக்கை என் பெயரில் பதிந்தோம்; பள்ளி மாற்றத்தின்போது ஆணையின் நகலைத் தலைமையாசிரியையிடம் கொடுத்து, தந்தை விசாரித்தால் எதுவும் சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டோம். குடிபுகுந்த அன்று, அடுப்பை இறக்குவதற்கு முன்பே, பாட்டியம்மாவின் அனுமதியுடன் கதவுப் பூட்டை மாற்றினாள்.