ஓசூர் பட்டறைக் குறிப்புகள்: புது சிப்பில் ஃப்ரீஆர்டாஸ்

ஜூன் 3, செவ்வாய்

சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான புது சிப் வந்தாயிற்று. ரிஸ்க்-வி வகை, 72 மெகாஹெர்ட்ஸ், 16 கேபி ராம். மாந்தோப்பில் எட்டு வால்வுகளை முறைவைத்துத் திறக்க வேண்டும், நீர்மூழ்கி மோட்டாரின் மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிப்பில் ஓடப்போவது ஃப்ரீஆர்டாஸ், சிறு சிப்களில் பல வேலைகளை (டாஸ்க்) மாற்றி மாற்றி ஓட்டும் இயங்குதளம். அதன் கருவான கெர்னலின் பொதுக் கோப்புகளான டாஸ்க்ஸ், க்யூ, லிஸ்ட் மூன்றிலும் கை வைக்க வேண்டியதில்லை. சிப்புக்குச் சிப் மாறுவதெல்லாம் போர்ட்டபிள் அடைவுக்குள் இருக்கிறது. ரிஸ்க்-விக்கு அதுவும் எழுதியே கிடைப்பதால், சரியான ஹெடரைத் தேர்ந்து கான்ஃபிக் கோப்பில் சில எண்களைத் தருவதுதான் வேலை: எம்டைம் (ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணி) முகவரி, எம்டைம்கம்ப் (எம்டைம் இந்த மதிப்பை எட்டியதும் டிக் வரும்) முகவரி, சிபியு கிளாக், டிக் ரேட் (கெர்னலின் நேரத்துடிப்பான டிக் நொடிக்கு எத்தனை). வேலை சிறியதுதான், ஆனால் இதில் ஓர் எண் தவறினாலும் கம்பைலர் வாய் திறக்காது.

ஜூன் 4, புதன்

ஷெட்யூலர் (டாஸ்க்குகளை மாற்றி ஓட்டும் பகுதி) தொடங்கிய கணத்தில் நின்றுவிட்டது. இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீடு) வந்தால் எங்கே தாவ வேண்டும் என்று சொல்லும் எம்டிவெக் ரெஜிஸ்டர் இன்னும் சிப் நிறுவனத்தின் தொடக்க நிரலில் உள்ள வெற்றுச் சுழலையே காட்டிக்கொண்டிருந்தது. அதில் கெர்னலின் டிராப் ஹேண்ட்லர் (குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரல்) முகவரியை எழுதி, கடைசி இரண்டு பிட்டும் பூஜ்யமாக இருப்பதைச் சரிபார்த்த பிறகு உள்ளே போனது.

அடுத்தது வால்வு அட்டவணை. மெயினுக்குள் லோக்கலாக அறிவித்து, அதன் பாயின்டரை டாஸ்க்குக்குக் கொடுத்திருந்தது. டாஸ்க் படித்தபோது உள்ளே குப்பை. இன்டரப்ட் ஸ்டாக்கை (தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதி) லிங்கர் (நினைவகத்தில் எது எங்கே என்று வைக்கும் கருவி) கோப்பின் வழியாகக் கொடுத்தால், லோக்கல் மாறிகள் இருக்கும், மெயின் பயன்படுத்திய ஸ்டாக்கையே கெர்னல் இன்டரப்டுக்கு எடுத்துக்கொள்ளும். ஷெட்யூலர் தொடங்கியபின் மெயினுக்குத் திரும்பி வருவது கிடையாது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், ராம் மிச்சம். 16 கேபியில் அது நல்ல ஏற்பாடுதான். அட்டவணையை ஸ்டாட்டிக் ஆக்கியதும் தீர்ந்தது.

ஜூன் 5, வியாழன்

எல்இடி டாஸ்க் அரை நொடிக்கு ஒருமுறை மாற வேண்டும். ஒரு தடவை எரிந்தது, அப்படியே இருந்துவிட்டது. ஜிடிபி டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் செயலிழப்பு எதுவும் இல்லை, டிக் எண்ணிக்கையும் ஏறுகிறது. ஆனால் ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையே இரண்டு நொடிக்கு மேல்.

கான்ஃபிக்கில் 'சிபியு கிளாக்' என்று பெயர் இருப்பதால் 72000000 கொடுத்திருந்தது. ரிஸ்க்-வி போர்ட் அந்த எண்ணை டிக் ரேட்டால் (இங்கே 1000) வகுத்து, வரும் ஈவை எம்டைம்கம்ப்பில் கூட்டுகிறது. எனவே அங்கே வர வேண்டியது எம்டைம் ஓடும் வேகம். இந்தச் சிப்பில் எம்டைம் ஓடுவது 32768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில். 72000 எண்ணிக்கைக்கு 2.197 நொடி ஆகும். 500 டிக் என்றால் 18 நிமிடம். எல்இடி வேலை செய்துகொண்டுதான் இருந்தது, யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

புது சிப் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எம்டைமுக்கு எந்தக் கிளாக்?

ஜூன் 6, வெள்ளி

32768 கொடுத்ததும் எல்இடி சிமிட்டியது. அதோடு விட்டிருந்தால் தோட்டத்தில் பிடிபட்டிருக்கும். ஆசிலோஸ்கோப்பில் 1000 டிக்குக்கு 976.6 மில்லி நொடிதான் வருகிறது. 32768ஐ 1000ஆல் வகுத்தால் 32.768, முழு எண் கணக்கில் 32 மட்டும் நிற்கிறது. டிக் உண்மையில் நொடிக்கு 1024 தடவை.

2.4 சதவீதம் கேட்கச் சிறியது. ஒரு மணி நேர வால்வு 58 நிமிடம் 36 நொடியில் மூடிக்கொள்ளும். எட்டு வால்வும் சுற்றி வந்தால் 11 நிமிடம் 15 நொடி தண்ணீர் குறையும்.

தீர்வு, டிக் ரேட்டையே 1024 ஆக்குவது. 32768 அதால் மீதியின்றி வகுபட்டு 32 தரும். இனி நேரத்தை டிக்கில் நேரடியாக எழுதக் கூடாது, மில்லி நொடியை டிக்காக மாற்றும் மேக்ரோ வழியாகவே தர வேண்டும். 500 மில்லி நொடிக்கு அது 512 டிக் தரும்.

மின்னோட்ட மாதிரியை டிக்கிடம் விடவில்லை. 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றுக்கு 20 மில்லி நொடி, அதில் 32 மாதிரி, ஆக 625 மைக்ரோ நொடிக்கு ஒன்று. 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் தனி டைமருக்கு அது 45000 எண்ணிக்கை. 16 பிட்டுக்குள் அடங்குகிறது.

ஜூன் 9, திங்கள்

ஜிடிபியில் பத்து நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் வால்வுகள் தாறுமாறாக மாறின. நிறுத்தியிருக்கும்போதும் எம்டைம் ஓடுகிறது. விட்டுப்போன 10240 டிக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. பிழை இல்லை. ஆனால் பிரேக்பாயின்ட் வைத்துக்கொண்டு நேரத்தை அளக்க முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

எம்டைம் 64 பிட், சிப் 32 பிட். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு தடவையில் படிக்கும்போது நடுவில் கீழ்ப்பாதி சுழன்றுவிட்டால் நேரம் மொத்தமாகப் பிசகும். மேலைப் படி, கீழைப் படி, மேலை மறுபடி படி. இரண்டு மேலும் ஒத்துவராவிட்டால் திரும்பத் தொடங்கு.

கீழ்ப்பாதி சுழல 131072 நொடி, அதாவது 36 மணி 24 நிமிடம் 32 நொடி. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துத் திருப்திப்படுகிறவர் கண்ணில் இது படாது. காத்திருக்கவும் தேவையில்லை: ஷெட்யூலருக்கு முன் கீழ்ப்பாதியில் 4294934528 என்று எழுதினால் சரியாக ஒரு நொடியில் சுழலும். டிக் எண்ணிக்கையும் 48.5 நாளில் சுழலும். அதற்குக் கான்ஃபிக்கில் தொடக்க டிக் எண்ணைக் கொடுத்துச் சோதித்தாயிற்று. இரண்டிலும் வால்வு முறை தப்பவில்லை.

ஜூன் 12, வியாழன்

வெப்பம் மட்டும் பாக்கி. கிருஷ்ணகிரி வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 32768 கிரிஸ்டல் 25 டிகிரியை விட்டு விலகும்போது, விலகலின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் வரும் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெதுவாகும். 35 டிகிரி விலகலுக்கு ஏறக்குறைய 42 பிபிஎம், நாளுக்கு 3.6 நொடி. வால்வுக்கு அது பொருட்டில்லை. திருத்தம் சேர்க்கவில்லை.

டாஸ்க் ஸ்டாக் அளவு பைட்டில் அல்ல, வேர்டில்: 128 என்றால் 512 பைட். நிரம்பி வழிவதைக் கண்டறியும் சோதனை, கெர்னல் தரும் இரண்டாம் முறையில் (ஸ்டாக்கின் கடைசிப் பைட்டுகள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது) இயங்குகிறது. காவேரிப்பட்டினம் தோப்புக்குப் போகும் பெட்டியிலும் அது இயக்கத்திலேயே இருக்கும்.