வின்செஸ்டர் பள்ளியின் போர் நினைவுத் திருச்சுற்று

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வின்செஸ்டருக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். கதீட்ரல் வளாகத்தைக் கடந்து கிங்ஸ்கேட் வளைவுக்குள் நுழையுங்கள். அதன் தலைமேல் ஒரு குட்டித் தேவாலயம் உட்கார்ந்திருக்கும். அண்ணாந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. வளைவைத் தாண்டியதும் இடப்பக்கம் காலேஜ் தெரு. 1817இல் ஜேன் ஆஸ்டின் இறந்த வீடும் 1382இல் தொடங்கப்பட்ட வின்செஸ்டர் காலேஜும் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. பெயர்தான் காலேஜ், உண்மையில் பள்ளிக்கூடம். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. வழிகாட்டியோடு செல்லும் சுற்றுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். போர் நினைவிடமும் அதில் உண்டா என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

நினைவிடம் என்றதும் ஒற்றைத் தூணைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நடுவே திறந்த முற்றம், நாலு பக்கமும் கூரையிட்ட நடைவழி. நம் கோயில்களின் திருச்சுற்று மண்டபம்போல. முற்றத்தில் ஒரு சிலுவை. முதல் உலகப் போரில் இறந்த 500 முன்னாள் மாணவர்களுக்காகக் கட்டப்பட்டு, 1924இல் அர்ப்பணிக்கப்பட்டது. அப்போதைய தலைமையாசிரியர் ரெண்டல் இதை விடுதிகளிலிருந்து வகுப்புக்குப் போகிற பாதையிலேயே வைத்தார். ஆண்டுக்கொரு நாள் மாலை போட்டுவிட்டுப் பூட்டிவைக்கிற இடமல்ல, தினமும் மிதிபடுகிற வழி. அந்த யோசனைதான், கட்டடத்தைவிட, இங்கே பெரிய விஷயம்.

வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர், புதுடெல்லியின் செயலகக் கட்டடங்களைக் கட்டியவர். நாலு மூலைகளும் இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்கு உரியவை.

சுவரில் நீளமான கல்வெட்டு ஒன்று நாலு பக்கமும் தொடர்ந்து ஓடுகிறது. ஓரிடத்தில் நின்று படித்து முடிக்க முடியாது, சுற்றி நடந்தே ஆகவேண்டும். எழுத்து வளைவும் நெளிவுமான இடைக்காலப் பாணி. முதல் சில சொற்களுக்குக் கண் திணறும், பிறகு பழகிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த 285 பேரின் பெயர்கள் முற்றத்தையொட்டிய தூண்களில் பின்னர் சேர்க்கப்பட்டன. படம் எடுக்கும்போது சொதப்புவது இங்கேதான். பின்னால் முற்றத்து வெயில், முன்னால் நிழலில் எழுத்து. போன் கேமரா வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கல்லைக் கறுப்பாக்கிவிடும். திரையில் எழுத்தின் மேலேயே தொட்டு ஃபோகஸ் வையுங்கள். நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் செதுக்கலின் ஓரத்து நிழல் கண்ணில் பட்டு பெயர் தெளியும். மாணவர்கள் கடந்துபோகும் நேரமானால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள்.

பள்ளிக்குள் இதைவிடப் பல நூற்றாண்டு பழைய திருச்சுற்று ஒன்றும் இருக்கிறது. 1943 முதல் 1947 வரை இந்திய வைஸ்ராயாக இருந்த வேவல், இந்தப் பள்ளியின் பழைய மாணவர். 1950இல் அந்தப் பழைய திருச்சுற்றின் முற்றத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் பட்டமில்லை, பதவியில்லை. ‘வேவல்’ என்ற ஒரே சொல்.