போதகர் ஐயாவின் கடைசி ஞாயிறு

நேற்று மும்பை கொலாபாவில் வேலை முடிந்ததும், ரீகல் தியேட்டருக்குப் பின்னால் இருக்கிற போவன் நினைவு மெதடிஸ்ட் ஆலயத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். தாராவியில் எங்கள் போதகர் ஐயா ஓய்வு பெறும் வாரம் இது. இந்த ஆலயத்தின் பெயரில் இருக்கிற ஜார்ஜ் போவனைப் பற்றி எனக்குச் சொன்னதே அவர்தான்.

போவன் அமெரிக்காவிலிருந்து 1848-ல் பம்பாய்க்கு மிஷனரியாக வந்தவர். 1888-ல் இங்கேயே இறந்தார். அந்த 40 ஆண்டுகளில் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. வந்த கொஞ்ச காலத்திலேயே மிஷன் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். மராத்தி கற்றுத் தெருவில் நின்று பிரசங்கித்தார். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் டெய்லர் 1871-ல் பம்பாய் வந்து மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கிய பிறகு, போவனும் அந்தச் சபையில் சேர்ந்துகொண்டார்.

மெதடிஸ்ட் சபையில் எந்தப் போதகர் எங்கே என்று பேராயர்தான் நியமிப்பார். எங்கள் ஐயா, சொன்ன இடத்துக்கெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு முகம் சுளிக்காமல் போனவர். அப்பா சயான் மருத்துவமனையில் கிடந்தபோது, தினமும் ராத்திரி நடந்தே வந்து ஜெபித்துவிட்டுப் போவார். ஒருநாள் கொட்டும் மழை. தொப்பலாக நனைந்து நின்றவருக்கு அம்மா துண்டை நீட்டினார். "அண்ணனுக்கு முதல்ல கஞ்சி குடுங்கம்மா" என்றார்.

ஞாயிறு காலை அவருடைய கடைசி ஆராதனை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.