பாலில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

விலங்குப் போசணைப் பேப்பரில் பாலூட்டும் தாயின் புரதத் தேவை பற்றி ஒரு வினா எப்படியும் வரும். முதல் தடவை நான் மனிதருக்கு ஒரு அட்டவணை, மாட்டுக்கு ஒரு அட்டவணை என்று இரவிரவாகப் பாடமாக்கிக்கொண்டு போனேன், வினாவில் பாலின் அளவை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், கை ஓடவில்லை.

அந்த விடுமுறைக்கு முள்ளியவளைக்கு வந்தபோது வீட்டில் இரண்டு தாய்மார். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள், சிவலைப் பசு கன்று போட்டு ஒரு மாதம். அம்மா ஒரு அடுப்பில் பால்சுறா போட்டு, பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்குக்கறி வைப்பா, அப்பா வேலியில் நிற்கும் கிளிசரியா மரத்தின் கொப்பு முறித்து வைக்கோலோடு பசுவுக்குப் போடுவார். இரண்டும் ஒரே கணக்குத்தான் என்று அங்கேதான் பிடிபட்டது.

பசு நாலு போத்தல் கறந்தது, அதாவது 3 லீற்றர். பசுப்பாலில் புரதம் ஏறத்தாழ 3.3%, அப்போ பாலோடு 100 கிராம் வெளியே போகிறது. உறிஞ்சிய புரதத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் பாலாகும், ஆகவே 150 கிராம் வேண்டும். கன்று குடிப்பதையும், உடலைப் பராமரிக்க வேண்டியதையும் மேலே கூட்டுங்கள், பலர் இதை விட்டுத்தான் புள்ளி இழக்கிறார்கள். வெறும் வைக்கோலில் புரதம் 4% அளவுதான், கிளிசரியா இலையில் உலர் நிறைக்கு 20 வீதத்துக்கு மேல், அப்பா அதை ஏன் முறித்தார் என்பதற்கு விடை அதுதான்.

இப்போ அக்கா. நாளுக்கு 800 மில்லிலீற்றர் என்று வையுங்கள், தாய்ப்பாலில் புரதம் 1.1% போல, கிட்டத்தட்ட 9 கிராம். மனிதரில் மாற்றத் திறன், அதாவது உணவுப் புரதம் பால் புரதமாக மாறும் வீதம், 47%, 9ஐ அதால் பிரித்தால் 19 கிராம். உலக சுகாதார அமைப்பு 2007 அறிக்கையில் முதல் ஆறு மாதத்துக்கு மேலதிகமாகச் சொல்லும் அளவும் இதே 19தான்!

பாலின் புரத வீதம் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால் வளர்ச்சி வேகத்தை எழுதுங்கள். கன்று பிறப்பு நிறையை இரட்டிப்பாக்க ஏறத்தாழ 47 நாள், எங்கள் பிள்ளைக்கு ஐந்து மாதம் போல, முயல் குட்டிக்கு ஒரு கிழமைதான், முயல் பாலில் புரதம் 10 வீதத்துக்கும் மேல்.

முக்கிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதை விடவேண்டாம். மாட்டின் ரூமனில், அதாவது இரைப்பையின் முதல் அறையில், உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவிலிருந்துகூடப் புரதம் கட்டும், அதையே மாடு பிறகு சமிக்கும். மனிதருக்கு அந்த வசதி இல்லை, உடலால் ஆக்கமுடியாத இன்றியமையாத அமினோ அமிலங்கள் உணவிலேயே வரவேண்டும். அவற்றில் சோற்றில் லைசின் குறைவு, பயறில் மெதியோனின் குறைவு, இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

புரதம் போதாவிட்டால் தாய்ப்பாலின் புரதம் உடனே இறங்கிவிடாது, தாயின் தசைதான் கரையும். மிட்வைஃப் அக்கா தந்த திரிபோஷா என்ற சத்துமாவில் 50 கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 10 கிராம், அந்த 19இல் பாதி. அதை அம்மா உருண்டை பிடித்து வீட்டில் எல்லோருக்கும் பங்கிட்டுக்கொண்டிருந்தா. கணக்கைக் கொப்பியில் போட்டுக் காட்டினேன், அதற்குப் பிறகு அந்தப் பைக்கற் அக்காவின் அறையிலேயே இருந்தது.