முதல் சுற்று: சவுத்லாந்து பண்ணையிலிருந்து நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9

காலை நாலரை மணி. தரையெல்லாம் உறைபனி, பூட்ஸ் பட்ட இடமெல்லாம் நொறுங்கியது. ராத்திரி மூன்று மாடுகள் ஈன்றிருந்தன. இந்த வருஷத்து ஈற்று தொடங்கிவிட்டது.

நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிறது சவுத்லாந்து. ஆகஸ்ட் இங்கே குளிர்காலத்தின் கடைசி. பண்ணையில் 450 மாடு, 160 ஹெக்டேர். ஜூன், ஜூலை முழுக்க மாடுகள் பால் வற்றி, ஸ்வீடு என்ற டர்னிப் வகைக் கிழங்கையும் கேல் கீரையையும் தின்று நின்றன. இனி ஈன ஈன ஒவ்வொன்றாகப் புல்லுக்கு வரும். புல் வளரும் காலத்தில் பால் சுரக்க வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் சினைப்படுத்துகிறார்கள். இந்த வருஷம் கன்றுக் கொட்டகையும், மாடுகளுக்குத் தினமும் புல்லைத் துண்டு துண்டாக ஒதுக்கும் வேலியை மாற்றுவதும் என் பொறுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எனக்கு முதல் தடவை.

ஆகஸ்ட் 12

அலுவலக அறைச் சுவரில் முதலாளி ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறார். இன்று மாடுகள் மேய 1.4 ஹெக்டேர். செப்டம்பர் 5-ல் 2.5. செப்டம்பர் 25-ல் 4. அக்டோபர் 5-ல் 6. அன்றைக்குத்தான் பண்ணை முழுதும் ஒரு முறை மேய்ந்து முடியும்.

கணக்கு இதுதான். இப்போது புல் ஒரு ஹெக்டேருக்கு நாளொன்றுக்குப் பத்து கிலோ உலர்பொருள்தான் (ஈரம் போக மிஞ்சும் எடை) வளர்கிறது. எல்லா மாடும் கறவைக்கு வந்த பிறகு தேவை 48 கிலோ. வளர்ச்சி அந்த அளவை எட்ட அக்டோபர் ஆகிவிடும். அதுவரை குளிர்காலத்தில் சேர்த்து வைத்த புல்லைத்தான் துண்டு துண்டாகக் கொடுத்து ஓட்ட வேண்டும். போதாததற்கு சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த புல்.

எனக்குக் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு ஞாபகம் வந்தது. கிளுவை வேலி போட்டு நாலு பட்டியாகப் பிரித்த காடு. ஒரு பட்டியில் மாடு மேயும், மற்றது ஆறும். கொழுக்கட்டைப்புல் தலையெடுக்காத பட்டியின் படலை அப்பா திறக்கவே மாட்டார். இங்கே ரைகிராஸ் புல் மூன்று இலை விட வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்னால் மேய்த்தால் வேரடியில் சேர்ந்த சத்து தீர்ந்து, அடுத்த தழைவு மெலிந்து போகும்.

ஆகஸ்ட் 14

இன்று 31-ஆம் எண் கன்று. கிடேரி. ராத்திரி எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. சேற்றில் நனைந்து, வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்றிருந்தது. சப்பவும் தெம்பில்லை.

பிறந்த கன்றின் ரத்தத்தில் நோயெதிர்ப்புப் புரதங்கள் அநேகமாகக் கிடையாது. எல்லாம் சீம்பாலிலிருந்துதான் வர வேண்டும். அதை உறிஞ்சும் கதவு குடலில் பிறந்த நிமிஷத்திலிருந்தே மூடத் தொடங்குகிறது. முதல் ஆறு மணி நேரம்தான் நல்ல நேரம். ஒரு நாள் போனால் சுத்தமாக மூடிவிடும். துண்டால் தேய்த்து, விளக்கடியில் படுக்க வைத்துச் சூடேற்றினேன். தொப்புளுக்கு அயோடின். வாளியிலிருந்த சீம்பாலில் ஒரு சொட்டு எடுத்து பிரிக்ஸ் மீட்டரில் பார்த்தேன், 24 காட்டியது. 22-க்கு மேல் இருந்தால் நல்ல சீம்பால். குழாயை இடப்பக்கமாகத் தொண்டைக்குள் இறக்கி, கழுத்துக்கு வெளியே தடவிப் பார்த்து, உணவுக்குழாயில்தான் போயிருக்கிறது என்று உறுதி செய்த பிறகு மெதுவாக இரண்டு லிட்டர் விட்டேன். என் கை நடுங்கியது.

சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏன் சாமி, கொடி விழுந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் ஊரில் இளங்கொடி (நச்சுக்கொடி) விழுந்த பிறகுதான் கன்றைப் பாலுக்கு விடுவோம். விழுந்ததை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம். "இல்லைங்கம்மா, கொடிக்குக் காத்திருக்கக் கூடாதுங்க, நேரம் போயிரும்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம செவலக் கன்னு பத்து நாள்ல கழிச்சல்ல போச்சே, அன்னைக்கும் பொழுது சாயத்தான் கொடி விழுந்துச்சு" என்றார்.

ஆகஸ்ட் 22

217-ஆம் மாடு காலையில் எழுந்திருக்கவில்லை. கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்திருந்தது, காது ஜில்லென்று. பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும். ஈன்றதும் பாலுக்குச் சுண்ணாம்புச்சத்து திடீரென்று இறங்கிவிடுவதால் ரத்தத்தில் குறைந்துபோகிறது. முதலாளி நரம்பில் கால்சியம் ஏற்றினார், மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே. அரை மணியில் ஏப்பம் விட்டது, சாணி போட்டது, எழுந்து நடந்தது. தினமும் புல்மேல் மெக்னீசியம் தூவுவது இதற்காகவும்தான். நேற்று அந்தப் பக்கத்து வேலியோரம் சரியாகத் தூவினேனா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இறைச்சிக்கூடத்துக்குப் போகும் முதல் லாரி வந்தது. வளர்க்க எடுத்துக்கொள்ளாத கன்றுகள். நாலு நாள் முழுதாக ஆகியிருக்க வேண்டும், தொப்புள் காய்ந்திருக்க வேண்டும், தானாக நின்று நடக்க வேண்டும். அவற்றுக்கும் முதல் நாளிலிருந்து அதே சீம்பால், அதே மரச்சீவல் படுக்கை. இன்று காலையும் வயிறு நிறையக் கொடுத்தேன். எனக்கு இது பழகவில்லை. பழகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 30

இரண்டு நாளாகத் தெற்குக் காற்று. தென்றல் என்றால் நமக்கு இதம். இங்கே தெற்கு என்றால் அண்டார்டிகா. ஆலங்கட்டியும் மழையும் கிடையாகவே வருகின்றன. மாடுகள் வேலியோரம் முதுகைக் குறுக்கி நின்று, என் பைக் சத்தம் கேட்டதும் கத்தின. அட்டவணைப்படி 2.2 ஹெக்டேர்தான். பார்க்கப் பொறுக்கவில்லை. நேற்றும் இன்றும் ஒவ்வொரு ஹெக்டேர் கூடுதலாக வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31

காலையில் போய்ப் பார்த்தேன். தின்றது பாதி, மிதித்தது பாதி. குளம்புக் குழிகளில் தண்ணீர். கணுக்கால் வரை இறங்குகிறது.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அட்டவணை முன்னால் நிறுத்தி, செப்டம்பர் கடைசியில் ஒரு கோட்டைக் காட்டினார். "நீ கொடுத்த இரண்டு ஹெக்டேர் இங்கே இருந்து எடுத்தது. அன்றைக்கு நூறு மாடு கூடுதலாக இருக்கும்" என்றார். மழை நாளில் செய்ய வேண்டியது வேறு என்று சொல்லிக்கொடுத்தார். மூன்று நான்கு மணி நேரம் மட்டும் மேயவிட வேண்டும். பசித்த மாடு அந்த நேரத்திலேயே பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்புறம் மரச்சீவல் போட்ட களத்துக்கு ஓட்டி, அங்கே சைலேஜ் போட வேண்டும். மண்ணும் பிழைக்கும், வயிறும் நிறையும். மாடு கத்துவதைக் கேட்டால் உடனே புல்தான் கொடுக்கத் தோன்றுகிறது. குளிருக்கு அவை கேட்டது காய்ந்த படுக்கையாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 6

கொட்டகையில் 74 கிடேரிகள். இரண்டாவது தடுப்பில் கழிச்சல். மஞ்சளாக, தண்ணியாக. நாலு கன்றுக்கு. உடனே பிரித்து வைத்தேன். பாலை நிறுத்தவில்லை, இடையில் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீர், ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர். கன்று கழிச்சலால் சாவதை விட உடம்பில் தண்ணீர் வற்றிச் சாவதுதான் அதிகம். தோலைக் கிள்ளிப் பார்த்தால் தெரியும், மடிப்பு நின்றால் ஆபத்து. அந்தத் தடுப்புக்குத் தனி பூட்ஸ், தனி வாளி, கடைசியாகத்தான் நுழைவது. ராத்திரி பதினொன்றுக்கும் இரண்டுக்கும் எழுந்து போனேன்.

செப்டம்பர் 10

நாலும் எழுந்து நிற்கின்றன. ஒன்று என் சட்டைப் பொத்தானைச் சப்பியது. வேறு எழுத இன்று தெம்பில்லை.

செப்டம்பர் 17

கன்றுத் தீவனம் தின்ன ஆரம்பித்திருக்கின்றன, 20 சதவீதப் புரதம். பால் சப்பும்போது முதல் வயிற்றைத் தாண்டி நேராக நாலாவதுக்குப் போய்விடுகிறது. முதல் வயிறு சும்மாவே கிடக்கிறது. தானியம் போய் அங்கே நொதித்தால்தான் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் முளைகள் வளரும். பாலை மட்டும் ஊட்டினால் மினுமினுப்பான கன்று கிடைக்கும், புல்லுக்கு விட்டதும் வாடிப் போகும். அதனால் பாலை ஒரு வேளையாக்கிவிட்டோம். சாயங்காலம் கத்தின. இந்தத் தடவை நான் வாளியைத் தொடவில்லை. அரை மணியில் தீவனத் தொட்டியில் தலை விட்டன.

செப்டம்பர் 26

அவர் கோடு காட்டிய நாள் வந்துவிட்டது. அட்டவணைப்படி 4 ஹெக்டேர், மேய்க்க இருப்பது மூன்றரைகூடத் தேறாது. ஆகஸ்ட் கடைசியில் மிதிபட்ட இடத்தில், புல்லின் உயரம் அளக்கும் பிளேட் மீட்டரை வைத்தேன். பக்கத்து வரிசையில் மூன்றாவது இலை வருகிறது, அங்கே இரண்டுகூட முழுதாக இல்லை. நடுநடுவே வெறும் மண். குறைக்கு நாலு நாள் சைலேஜ் உருளைகளைப் பிரித்துப் போட்டோம். ஒவ்வொன்றையும் நானே ஏற்றி, நானே பிரித்தேன்.

அக்டோபர் 7

முதல் சுற்று முடிந்தது. இரண்டு நாள் தாமதம். மண் வெதுவெதுப்பு ஏறியிருக்கிறது, வெள்ளைக் குளோவர் இலை விரிக்கிறது. மாடு தின்றுவிட்டுப் போன இடத்தில் ஹெக்டேருக்கு 1500 கிலோ மிச்சம், கை வைத்துப் பார்த்தால் புல் விரல் நீளம்கூட இல்லை. ஒரே சீராக இருந்தது. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன்.

அக்டோபர் 11

பண்ணை முழுதும் அளந்தோம். சராசரி வளர்ச்சி 51 கிலோ. தேவையைத் தாண்டிவிட்டது.

மத்தியானம் முதல் இருபது கன்றுகளை வெளியே விட்டோம், காற்றுக்கு மறைவாக மரவரிசை உள்ள சின்னத் துண்டில். வெயில் பட்டதும் சில நின்ற இடத்திலேயே கண்ணைச் சிமிட்டின, சில வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. 31 இப்போது 76 கிலோ. 90 தாண்டிய பிறகுதான் பாலை நிறுத்துவோம். அது வேலியோரம் போய், மூக்கைப் புல்லில் வைத்து வெகுநேரம் மோந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு வாய் பிடுங்கியது.

நாளைக்கு 6 ஹெக்டேர். வேலிக்குச்சிகளை பைக்கில் கட்டி வைத்துவிட்டேன்.