நெட் உளவியலில் ‘கவனம்’ பாடமும் எங்கள் வீட்டு மட்டிப்பழமும்

முதல் தடவை யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) உளவியலில் நான் கோட்டை விட்டது ‘கவனம்’ பாடத்தில். யான்டிஸ், ஜோனிடெஸ், 1984 என்று ஆய்வாளர் பெயரும் வருடமும் தலைகீழ்ப் பாடம். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் முழிப்பேன்.

அந்தப் பரிசோதனையை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். கால்குலேட்டரில் தெரியும் 8 போன்ற உருவங்கள் திரையில் இருக்கும். ஒரு நொடியில் அவற்றின் சில கோடுகள் மறைந்து எழுத்துகளாகிவிடும். அதே நேரம் காலி இடத்தில் புதிதாக ஓர் எழுத்து முளைக்கும். தேடச் சொன்னது அந்தப் புது எழுத்தாக இருந்தால், சுற்றி எத்தனை எழுத்து இருந்தாலும் கண்டுபிடிக்கும் நேரம் அவ்வளவாக அதிகரிக்காது. மற்றதாக இருந்தால் எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அதிகரிக்கும். அதாவது, திடீரென்று தோன்றுவது (‘திடீர்த் தோற்றம்’) தானாகவே கவனத்தை இழுக்கிறது. ஏன் 8? முன்பே ஏதோ இருந்த இடத்தில் வருவது திடீர்த் தோற்றம் ஆகாது, அதற்குத்தான்.

இதன் மறுபக்கம் புரிந்தது நாகர்கோவில் வீட்டில், ஒரு ஐப்பசி மழை இரவில். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. படித்துக்கொண்டிருந்த மேஜையில், தட்டில் நாலு மட்டிப்பழம். விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது. நான் பாட்டுக்கு இருந்தேன்.

“மக்கா, பழத்த எண்ணிப் பாத்தியா?” என்றார் ஆச்சி. மூன்றுதான் இருந்தது. வாசலில் தம்பி தோலோடு நிற்கிறான்! வெளிச்சத்தில் கை நீட்டியிருந்தால் அந்த அசைவே என் கண்ணை இழுத்திருக்கும். இருட்டு அசைவை விழுங்கிவிட்டது. 1997இல் ரென்சிங்க், ஓ'ரீகன், கிளார்க் என்ற ஆய்வாளர்கள், ஒரு மாற்றம் மட்டும் உள்ள இரண்டு படங்களுக்கு நடுவே வெற்றுத் திரையை ஒரு கணம் காட்டியதும் இதே வேலைதான். பெரிய மாற்றம்கூடப் பலருக்குச் சட்டென்று தெரியவில்லை. அதன் பிறகு அந்தப் பெயர்களை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

ஃபோக் என்ற உளவியலாளர் குழுவின் 1992 ஆய்வை விட்டுவிடாதீர்கள். திடீர்த் தோற்றம் எல்லோரையும் எப்போதும் இழுக்காது, நாம் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பது அவர்கள் கட்சி. நிறத்தைத் தேடியவர்களை அது இழுக்கவில்லை. இரு தரப்பையும் சேர்த்தே படியுங்கள்.

அப்புறம் தேர்வு அறை. 150 கேள்வி, 3 மணி நேரம், மைனஸ் மார்க் கிடையாது. எதையும் விடாமல் குறித்துவிடுங்கள். திரையின் மூலையில் நொடிக்கு நொடி மாறும் கடிகாரம் இருக்கும். முதல் தடவை என் கண் அங்கேயே ஓடியது. நேரத்தைத்தானே மனசு தேடிக்கொண்டிருந்தது! அடுத்த தடவை 25 கேள்விக்கு ஒருமுறைதான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கடைசி 25க்கு முன்னால் பார்த்தபோது 31 நிமிடம் பாக்கி இருந்தது.