சமையல்காரர் "இல்லை" என்றார்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். 2022 நவம்பரில் எங்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ரத்த அழுத்தம் பார்த்த கையோடு, "பணியில் இருந்தபோது நச்சுப் பொருள் எதற்காவது ஆளானீர்களா?" என்று கேட்டுக் கணினியில் பதிய வேண்டும். ஐந்து, பத்து நிமிட வேலை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட, நச்சுக்கு ஆளான முன்னாள் படைவீரர்களுக்கான 'பாக்ட்' சட்டத்தால் வந்த ஏற்பாடு.

முதல் சில வாரங்கள் இதை டிக் அடிக்கிற வேலையாகத்தான் பார்த்தேன். கேட்பேன், "இல்லை" என்பார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

அப்படி "இல்லை" என்றவர்களில் ஒருவருக்கு வயது எழுபதுக்கு மேல். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) இருபது வருடச் சர்க்கரை, பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, எங்கே வேலை பார்த்தீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நான் போருக்கெல்லாம் போகவில்லை மேடம். தாய்லாந்தில் விமானப்படைத் தளத்தில் சமையல்காரன். முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்."

அப்புறம் அவராகவே சொன்னார்: தளத்தின் வேலியோரம் ஒரு புல்கூட முளைக்காதாம். சமையலறைக் கழிவைக் கொட்ட அந்தப் பக்கம்தான் போவார்களாம்.

நான் அடித்த "இல்லை" திரையில் அப்படியே இருந்தது.

வியட்நாம் போரில் காட்டையும் பயிரையும் கருக்க 1962 முதல் 1971 வரை அமெரிக்கா களைக்கொல்லி தெளித்தது. பீப்பாயில் இருந்த ஆரஞ்சுப் பட்டையால் அதில் ஒன்றுக்கு 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்று பெயர். அதில் கலந்திருந்த டையாக்சின்தான் விஷம். வியட்நாமில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், இதனால்தான் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, அரசே அப்படி எடுத்துக்கொள்ளும் என்றது 1991ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டாம் வகைச் சர்க்கரை அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் தாய்லாந்தில் இருந்தவர் என்றால், களைக்கொல்லி தெளித்த வேலியோரம் வேலை பார்த்ததைக் காட்டியாக வேண்டியிருந்தது. காவலுக்கு நின்றவர் காட்டிவிடுவார். கரண்டி பிடித்தவர் என்னத்தைக் காட்டுவார்? இவர் முன்பே ஒருமுறை இழப்பீட்டுக்கு விண்ணப்பித்து, நிராகரித்த கடிதத்தை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டிருந்தார்.

பாக்ட் சட்டம் அந்த வேலிக் கணக்கை எடுத்துவிட்டது. 1962 ஜனவரி 9 முதல் 1976 ஜூன் 30 வரை தாய்லாந்தில் எந்தத் தளத்தில் இருந்திருந்தாலும் சரி. பட்டியலில் உயர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்குமே அன்று அரைகுறையாகத்தான் தெரியும்.

அதன்பிறகு படிவக் கேள்வியோடு நிறுத்துவதில்லை. "குப்பையை என்ன செய்தார்கள்? என்ன நாற்றம் அடித்தது?" என்று கேட்கிறேன். ஈராக்கின் பலாத் தளத்தில் இருந்த பெண் ஒருவர் நச்சு எதுவும் இல்லை என்றார். நாற்றம் என்றதும் நிமிர்ந்தார். பெரிய பள்ளத்தில் பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் போட்டு, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். "எல்லோருக்கும் அப்படித்தானே வந்தது?" என்றார், கையில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு. ஊர் திரும்பியபின் வந்த ஆஸ்துமாவும் இப்போது இந்தப் புகைக்கான நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

நர்ஸிடம் சொல்லிவிட்டோம், இனி பணம் வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. நான் பதிவது மருத்துவக் கோப்பில். இழப்பீடு வேறு பிரிவு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முன்னாள் வீரர் சங்கங்களில் காசு வாங்காமல் எழுதித்தர ஆள் இருக்கிறார்கள். கிடைக்கிற பணத்தில் பங்கு கேட்கிறவர்களிடம் போக வேண்டாம் என்று மட்டும் சற்று அழுத்தியே சொல்லிவிடுவேன்.

நோயின் பாதிப்பை அளக்க இழப்பீட்டுப் பிரிவு போடும் சதவீதக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு நோய்க்கு 50, இன்னொன்றுக்கு 30 என்றால் 80 ஆகாது. 50 போக மிச்சமுள்ள 50இல் 30 சதவீதம் 15. ஆக 65, அதை 70 ஆக்குவார்கள். எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார்.

சமையல்காரர் மறுபடி விண்ணப்பித்தார், கிடைத்தது. அடுத்த முறை பாதத்தைக் காட்ட வந்தபோது பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

"என்கூட அதே அடுப்பில் நின்றவன் ஒருத்தன் மேடம். சர்க்கரையில் சிறுநீரகம் போய் இறந்துவிட்டான். அவன் மனைவி விண்ணப்பிக்கலாமா?"

விண்ணப்பிக்கலாம், துணையை இழந்தவருக்கு மாதாமாதம் தொகை தர ஏற்பாடு உண்டு, படிவம் வேறு என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனில் எண்ணைத் தேடி, சர்க்கரை அளவு குறிக்கும் தாளின் பின்புறத்தில் பெரிதாக எழுதி நீட்டினார்.

"நீங்களே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால், 'அவர் சமையல்காரர்தானே' என்பாள்."